மூன்று ஆண்டுப் போர், பதினோரு ஆண்டுத் தொடர்: ‘மாஷ்’ தவறுகளின் பின்னணி

1972 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘மாஷ்’ நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடு ஒளிபரப்பானது. தொடக்கத்தில் திரையில் ஒரு குறிப்பு: “கொரியா, 1950. நூறு ஆண்டுகளுக்கு முன்.” காலக்கணக்கை எங்களிடம் கேட்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் முதல் நிமிடத்திலேயே கண்ணடித்துவிட்டார்கள். ரசிகர்களோ கேட்காமல் விடவில்லை. எந்தத் தேதி எந்தத் தேதியோடு மோதுகிறது, எந்தப் பாத்திரத்தின் தாய் எந்த எபிசோடில் இறந்துபோனார், எந்தப் பொருள் போர் முடிந்த பிறகுதான் சந்தைக்கு வந்தது என்று அரை நூற்றாண்டாகத் துருவிக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்படித் திரட்டப்படும் பட்டியல்களில் எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாத் தவறுகளையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். ஒரு பொருளைத் தவறாக வைத்த கவனக்குறைவும், பதினோரு ஆண்டுகள் தொடரை நடத்துவதற்காகத் தெரிந்தே கொடுத்த விலையும் ஒன்றல்ல. சில ‘தவறுகள்’ தவறுகளே அல்ல. உண்மையில் கனமான தவறுகளோ இந்தப் பட்டியல்களில் அரிதாகத்தான் இடம்பெறுகின்றன.

தொடரை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: கொரியப் போரின்போது போர்முனைக்குச் சற்றுப் பின்னால் கூடாரங்களில் இயங்கிய நடமாடும் ராணுவ அறுவை மருத்துவமனைகளில் (ஆங்கிலச் சுருக்கம் ‘மாஷ்’) ஒன்றுதான் கதைக்களம். 4077 என்ற எண்ணுள்ள இந்தப் பிரிவு கற்பனை. 8055 என்ற உண்மையான பிரிவில் பணியாற்றிய ஓர் அறுவை மருத்துவர், ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968இல் வெளியிட்ட நாவல்தான் மூலம். 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் அதைத் திரைப்படமாக்கினார். அதன் பிறகு லேரி கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஆலன் ஆல்டா நடித்த ஹாக்கை பியர்ஸ் என்ற மருத்துவர்தான் மையம். நாளெல்லாம் வெட்டித் தைத்துவிட்டு, இரவில் சொந்தமாகக் காய்ச்சிய ஜின்னைக் குடித்து, மேலதிகாரிகளைக் கிண்டலடித்துப் பைத்தியம் பிடிக்காமல் தப்பிக்கும் மனிதர்.

இனி காலண்டருக்கு வருவோம். எல்லாப் பட்டியல்களிலும் முதலிடம் பிடிப்பது அதுதான்.

கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கி 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்பாட்டோடு நின்றது. மொத்தம் 37 மாதங்கள். தொடரோ 1983 பிப்ரவரி 28 வரை, 256 எபிசோடுகள் ஓடியது. இந்த நீட்சி மட்டுமே என்றால் பெரிய சிக்கல் இல்லை. ஒரு நாளில் ஆயிரம் கதைகள் நடக்கலாம். தொடரே ஒரு தேதியை ஆணியடித்துச் சொல்லிவிட்டதுதான் வினை. நான்காம் சீசனின் தொடக்கத்தில் புதிய தளபதி கர்னல் ஷெர்மன் பாட்டர் பொறுப்பேற்க வருகிறார். அந்த எபிசோடு 1952 செப்டம்பர் 19 என்ற தேதியைத் தெளிவாகச் சொல்கிறது. ஒளிபரப்பான நாள் 1975 செப்டம்பர் 19. அன்றைய தேதியில் ஆண்டை மட்டும் மாற்றி வைத்த சின்னக் குறும்பு போலத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் குறும்பின்படி முதல் மூன்று சீசன்கள் போரின் இரண்டே கால் ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றன. அடுத்த எட்டு சீசன்களுக்கும் மிஞ்சுவது பத்து மாதங்கள்.

அந்தப் பத்து மாதங்களுக்குள் வரக்கூடிய கிறிஸ்துமஸ் ஒன்றுதான், 1952இல். திரையில் பாட்டரும் அவருடைய மருத்துவர்களான பி.ஜே. ஹனிகட்டும் சார்லஸ் வின்செஸ்டரும் சேர்ந்திருக்கும் கிறிஸ்துமஸ் எபிசோடுகள் 1978, 1980, 1981 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியாக ஒளிபரப்பாயின. மூன்று கிறிஸ்துமஸ்களும் ஒரே கிறிஸ்துமஸ் அல்ல. மூன்றிலும் நிகழ்வுகள் வேறு வேறு.

இவை எல்லாவற்றையும் மிஞ்சுவது 1980 டிசம்பர் 29 அன்று வந்த எபிசோடு. 1950ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கி 1951ஆம் ஆண்டின் கடைசி இரவில் முடிகிறது. ஓர் ஆண்டு முழுவதையும் அரை மணி நேரத்தில் சுருட்டிய அழகான எபிசோடு. பாட்டர் இருக்கிறார், வின்செஸ்டர் இருக்கிறார், அலுவலகக் குமாஸ்தா நாற்காலியில் கிளிங்கர் என்ற வீரர் உட்கார்ந்திருக்கிறார். 1952 செப்டம்பரில்தான் வந்துசேர்ந்த பாட்டர், 1951 புத்தாண்டை அங்கே எப்படிக் கொண்டாடினார்? அவர் வந்தபோது குமாஸ்தாவாக இருந்த ரேடார், ஊருக்குப் போன பிறகுதானே கிளிங்கருக்கு அந்த நாற்காலி கிடைத்தது?

எழுத்தாளர்கள் இதை மறந்து செய்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த எபிசோடின் முதுகெலும்பு ஒரு பேஸ்பால் பந்தயம். 1951இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 13½ ஆட்டங்கள் முன்னிலையில் இருந்து, கடைசியில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் எல்லாவற்றையும் கோட்டைவிட்டது. அக்டோபர் 3 அன்று பாபி தாம்சன் அடித்த ஹோம் ரன்னை அமெரிக்கர்கள் இன்றும் மறக்கவில்லை. கிளிங்கரின் பேச்சை நம்பி டாட்ஜர்ஸ் மீது பணம் கட்டும் வின்செஸ்டரின் வீழ்ச்சிதான் கதையின் நகைச்சுவை. அந்தச் சிரிப்புக்கு 1951 வேண்டும். பந்தயத்தில் தோற்பதற்கு வின்செஸ்டரைப் போன்ற கர்வமுள்ள பணக்காரர் வேண்டும். இரண்டும் சேர வேண்டுமானால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாங்களே சொன்ன தேதியைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். புதைத்துவிட்டார்கள். நல்ல வியாபாரம் என்றே சொல்வேன்.

காலண்டரில் இன்னொரு பொருந்தாமையும் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. உண்மைப் போரில் மருத்துவர்கள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கூடாரத்தில் கிடக்கவில்லை. போர்முனைக்கு நெருக்கமாக இருப்போருக்கு மாதந்தோறும் கூடுதல் புள்ளிகள் சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். தொடரிலும் அந்த விதி உண்டு. தளபதி ஹென்றி பிளேக் அப்படித்தான் விடுவிக்கப்படுகிறார். ஹாக்கையின் சக மருத்துவர் ட்ராப்பர் ஜானும் ஊருக்குக் கிளம்பிப் போகிறார். ஹாக்கைக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. காரணம் ராணுவத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது: ஆல்டா இல்லாமல் தொடர் இல்லை. ட்ராப்பராக நடித்த வேய்ன் ரோஜர்ஸ் விலகியபோது ஒப்பந்த மீறல் என்று வழக்கு கிளம்பியது. அவரோ ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருக்கவில்லை. எனவே ட்ராப்பர் ஒரு விடைபெறும் காட்சிகூட இல்லாமல் மறைந்துபோனார்.

குடும்ப விவரங்களில் நேர்ந்த குளறுபடிகள் வேறு வகை. முதல் சீசனில் தந்தைக்கு எழுதும் கடிதத்தில் ஹாக்கை அம்மாவுக்கும் தங்கைக்கும் அன்பைச் சொல்லி முடிக்கிறார். பிற்காலத்தில் அவர் ஒரே பிள்ளை. சிறுவனாக இருக்கும்போதே தாயை இழந்தவர். சொந்த ஊர் தொடக்கத்தில் வெர்மான்ட், பிறகு நிரந்தரமாக மெய்ன் மாநிலத்தின் கிராப்ஆப்பிள் கோவ். ஹென்றி பிளேக்கின் மனைவி முதலில் மில்ட்ரெட், அப்புறம் லொரெய்ன். காலியான மில்ட்ரெட் என்ற பெயர் பின்னால் பாட்டரின் மனைவிக்குப் போய்ச் சேர்ந்தது. மனநல மருத்துவர் சிட்னி ஃப்ரீட்மன் முதல் வருகையில் மில்டன் ஃப்ரீட்மன். பாதிரியார் மல்கேஹியின் முதல் பெயர் ஒரு சமயம் ஜான், ஒரு சமயம் பிரான்சிஸ். அந்தப் பாதிரியாராக முதல் எபிசோடில் நடித்தவரே வேறொருவர். வில்லியம் கிறிஸ்டஃபர் பிறகுதான் வந்தார்.

இவற்றைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1972இல் ஒரு தொடர் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை வரும், கோடையில் ஒரு மறு ஒளிபரப்பு இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் பதிவு செய்யும் கருவிகள் 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் அமெரிக்க வீடுகளுக்குள் நுழையத் தொடங்கின. ஹாக்கையின் தங்கையை மூன்று ஆண்டுகள் கழித்து யாரும் நினைவில் வைத்திருந்து கேட்கப்போவதில்லை என்று எழுத்தாளர்கள் நம்பியதில் நியாயம் இருந்தது. எழுத்தாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். கெல்பார்ட் நான்காம் சீசனோடு விலகினார், ரெனால்ட்ஸ் ஐந்தாம் சீசனோடு. அதன்பின் பர்ட் மெட்கால்ஃபின் பொறுப்பில் ஓடிய தொடரில் ஆல்டாவின் செல்வாக்கு கூடியது. குடித்துக் கூத்தடித்த ஹாக்கை மனச்சாட்சியுள்ள ஹாக்கையாகக் கனிந்தார். அந்த ஹாக்கைக்குத் தாயில்லாப் பிள்ளை என்ற பின்கதை பொருந்தியது, தங்கை பொருந்தவில்லை. தங்கையை விட்டுவிட்டார்கள்.

1979இல் உள்ளூர் நிலையங்கள் பழைய எபிசோடுகளைத் தினமும் மறு ஒளிபரப்பத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. மாலையில் 1973ஆம் ஆண்டு ஹாக்கை, அதே வாரத்தின் திங்கள் இரவில் புதிய ஹாக்கை. எழுதியவர்கள் ஆண்டுக்கணக்கில் இடைவெளி விட்டு எழுதிய இரண்டும் பார்ப்பவரின் ஒரே வாரத்துக்குள் வந்து விழுந்தன. தவறு பிடிக்கும் பொழுதுபோக்கு அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

மலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திரையில் தெரியும் கொரிய மலைகள் உண்மையில் கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகே மாலிபுவில் இருப்பவை. திரைப்படம் எடுக்கப்பட்ட அதே இடம்; இன்று மாலிபு கிரீக் மாநிலப் பூங்கா. வெயிலில் காய்ந்து பொன்னிறமான புல், ஓக் மர வகைகள், முகத்தில் சுளீரென்று அடிக்கும் ஒளி. 1950 குளிர்காலத்தில் கொரியாவில் உறைபனிக்கு முப்பது டிகிரி கீழே போன இடங்களில் வீரர்கள் விரல்களை இழந்தார்கள். தொடரின் ‘கடுங்குளிர்’ எபிசோடுகளில் நடிகர்கள் கனத்த கோட்டுக்குள் கைகளைத் தேய்த்துக்கொள்வார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வராது. வெளியே கலிபோர்னிய வெயில். கோட்டுக்குள் அவர்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். குளிரை நடித்துக்காட்டிய நடிகர்களுக்கு அதற்காகவே தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம். கூடார முற்றத்தின் இன்னொரு பதிப்பு ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் 9ஆம் எண் அரங்கில் இருந்தது. ஒரே காட்சியில் வெளியே கிளம்பியவர் அரங்குக்குள் போய்ச் சேரும்போது ஒளியின் நிறமும் குரலின் எதிரொலியும் மாறிவிடும்.

1982 அக்டோபரில் காட்டுத்தீ அந்த வெளிப்புற அரங்கைச் சாம்பலாக்கியது. அப்போது இறுதி எபிசோடின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆல்டாவும் குழுவினரும் தீயைக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள்: எரிகுண்டுகளால் மூண்ட தீ முகாமை நெருங்குகிறது, மருத்துவமனை இடம்பெயர்கிறது. திரையில் கருகிக் கிடப்பது உண்மையிலேயே கருகிய அரங்கு. அந்த இரண்டரை மணி நேர எபிசோடை அமெரிக்காவில் சுமார் 10 கோடியே 60 லட்சம் பேர் பார்த்தார்கள்.

பொருள்களில் நேர்ந்த காலப்பிழைகளில் மிகப் பிரபலமானது ரேடாரின் காமிக்ஸ். தூங்கிப்போன ரேடாரிடம் ‘அவெஞ்சர்ஸ்’ இதழ் ஒன்று இருக்கும். அந்தக் காமிக்ஸ் தொடங்கியதே 1963இல். பொருள்களை எடுத்துத்தரும் உதவியாளர் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருப்பார். சின்னத் திரையில், மங்கிய படத்தில் யார் படிக்கப்போகிறார்கள்? ஆண்களின் முடியும் அப்படித்தான். 1950களின் ராணுவ நாவிதர் யாரும் ஹாக்கையின் காதோர முடியை அந்த நீளத்துக்கு விட்டிருக்க மாட்டார். ஆனால் அந்தத் தலைமுடியை முழுத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. தொடர் தொடங்கியபோது அமெரிக்கப் படைகள் வியட்நாமில் இருந்தன. பார்த்தவர்கள் கொரியா என்ற பெயரில் வியட்நாமைத்தான் பார்த்தார்கள். அந்த முடி எந்தப் போரைப் பற்றிப் பேசுகிறது என்பதைச் சொல்லாமல் சொன்னது.

தவறு என்று சொல்லப்பட்டும் தவறாகாதவை சில. ‘நடமாடும்’ மருத்துவமனை ஏன் நடமாடுவதே இல்லை என்பது வழக்கமான கேள்வி. 1976இல் வந்த நீண்ட எபிசோடில் ஒரு முறை கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போய், பழைய இடத்துக்கே திரும்பிவருவார்கள். போரின் முதல் ஆண்டில் போர்முனை தீபகற்பத்தின் மேலும் கீழுமாக ஓடியது. உண்மைப் பிரிவுகள் அடிக்கடி மூட்டை கட்டின. 1951 நடுப்பகுதியிலிருந்து போர்முனை 38ஆவது அட்சரேகையை ஒட்டி ஏறக்குறைய உறைந்துவிட்டது. அதன்பின் மருத்துவமனைகளும் நிலைகொண்டன. ஆகவே பாட்டரின் காலத்தில் முகாம் அசையாமல் இருப்பது வரலாற்றுக்கு நெருக்கமானதே. இரு பக்கமும் படுக்கை கட்டிய பெல் 47 ஹெலிகாப்டர்களும் அந்தப் போருக்கு உரியவைதான். ஹாரி மார்கன் பாட்டராவதற்கு முந்தைய ஆண்டு இதே தொடரில் மூளை கலங்கிய ஒரு ஜெனரலாக வந்தார் என்பதையும் ஒரு தவறு என்று சொல்வார்கள். அந்த ஒரு எபிசோடின் நடிப்பைப் பார்த்துத்தான் அவரை நிரந்தரமாக அழைத்தார்கள்.

வேண்டுமென்றே மறைக்கப்பட்ட ஒன்றும் உண்டு. ரேடாராக நடித்த கேரி பர்காஃபின் இடது கையில் சில விரல்கள் பிறவியிலேயே குட்டையானவை. குறிப்பட்டை, பை, சட்டைப்பை என்று எதிலாவது அந்தக் கை ஒளிந்தே இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்த தகவல், ராணுவத்திலிருந்து வெளியேறப் பெண்ணுடை அணிந்து திரியும் கிளிங்கரைப் பற்றியது. கழுத்தில் அவர் அணிந்திருந்த அடையாளத் தகடு நடிகர் ஜேமி ஃபாருடைய சொந்தத் தகடு. போருக்குப் பின் அவர் கொரியாவில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அத்தனை கற்பனைக்கும் நடுவே அந்தத் தகடு மட்டும் அசல்.

தானாக நேர்ந்து, அப்படியே வைத்துக்கொள்ளப்பட்ட தவறும் ஒன்று இருக்கிறது. 1975 மார்ச்சில் ஒளிபரப்பான மூன்றாம் சீசனின் இறுதியில் ஹென்றி பிளேக் ஊருக்குக் கிளம்புகிறார். திரைக்கதையின் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்பின் கடைசி நேரம் வரை நடிகர்களில் பெரும்பாலோருக்குக் காட்டவில்லை. அறுவை அறைக்குள் ரேடார் வந்து, ஹென்றியின் விமானம் ஜப்பான் கடல் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை என்று படிக்கிறார். காட்சியை இரண்டாவது முறை எடுத்தபோது யாரோ ஓர் அறுவைக் கருவியைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டார்கள். அந்த மௌனத்தில் உலோகம் தரையில் விழும் ஓசை. வேறு தொடராக இருந்தால் வெட்டியிருப்பார்கள். கெல்பார்ட் வைத்துக்கொண்டார்.

அந்த அறையில் சிரிப்பொலி இல்லாததும் போராடிப் பெற்றதுதான். நகைச்சுவைத் தொடர் என்றால் பதிவு செய்யப்பட்ட சிரிப்பு பின்னணியில் ஒலிக்க வேண்டும் என்பது சிபிஎஸ்ஸின் நிபந்தனை. தயாரிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, அறுவை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று சம்மதம் வாங்கினார்கள். பிரிட்டனில் பிபிசி சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது. என்னைக் கேட்டால், பாலைவனம் போன்ற மலைக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத முந்நூறு பேர் சிரிப்பதுதான் இந்தத் தொடரின் மிகப்பெரிய காலப்பிழை, இடப்பிழை இரண்டும்.

கனமான தவறு வேறிடத்தில் இருக்கிறது. முதல் சீசனின் தொடக்கத்தில் ஆலிவர் ஜோன்ஸ் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் ஹாக்கையின் கூடாரத்தில் தங்கியிருப்பார். திமத்தி பிரவுன் நடித்தார். நாவலிலிருந்து வந்த அவருடைய பட்டப்பெயரே இன இழிவுச் சொல். சில எபிசோடுகளுக்குப் பிறகு விளக்கமே இல்லாமல் காணாமல் போனார். கொரியாவில் இத்தகைய பிரிவுகளில் கறுப்பின அறுவை மருத்துவர்கள் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, வரலாற்றுக்கு உண்மையாக இருக்கவே நீக்கினோம் என்பது தயாரிப்புத் தரப்பு சொன்ன காரணம். அந்தக் காரணமே தவறு. இருந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. ராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் அதிபர் ட்ரூமன் 1948 ஜூலையிலேயே கையெழுத்திட்டிருந்தார். மூன்று கிறிஸ்துமஸ்களைப் பத்து மாதத்துக்குள் திணிப்பதற்குத் தடையாக இருக்காத வரலாற்றுப் பற்று, இந்த ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் விழித்துக்கொண்டது.

கொரியர்களுக்கும் அதே கதிதான். ஹாக்கை கல்லூரிக்கு அனுப்பப் பாடுபடும் கொரியச் சிறுவனாக நடித்தவர் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர்; கிளிங்கர் மணக்கும் கொரியப் பெண்ணாக நடித்தவர் சீன வம்சாவளியினர். கொரியாவில் பிறந்த சூன் டெக் ஓ போன்றவர்கள் அவ்வப்போது வந்துபோனார்கள். யாருடைய நாட்டில் போர் நடந்ததோ அந்த மக்கள் 256 எபிசோடுகளில் பெரும்பாலும் கிராமத்தார், சலவைக்காரர், கள்ளச்சந்தை வியாபாரி என்றே இருந்தார்கள்.

மருத்துவப் பணியும் திரையில் ஏறக்குறைய அமெரிக்கர்களின் தனிச்சொத்து. உண்மையில் 1951இல் நார்வே அனுப்பிய அறுவை மருத்துவமனை, தொடரின் முகாம் இருப்பதாகச் சொல்லப்படும் உய்ஜோங்பு பகுதியிலேயே கூடாரம் அடித்திருந்தது. இந்தியாவிலிருந்து 1950 நவம்பரில் போய்ச் சேர்ந்த 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்கு ஆற்காடு ரங்கராஜ் என்ற தமிழர் தலைமை தாங்கினார். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் படையினரோடு சேர்ந்து அந்தப் பிரிவின் மருத்துவர்களும் விமானத்திலிருந்து குதித்து, இறங்கிய இடத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். ரங்கராஜுக்கு இந்திய அரசு மகாவீர் சக்ரா வழங்கியது. கிண்டலுக்கும் வீரத்துக்கும் கதைக்கும் பஞ்சமில்லாத மனிதர்கள் பக்கத்து மலையிலேயே இருந்தார்கள். 4077இன் எழுத்தாளர்கள் அந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.